காம்ப்ரஸரை விற்காமல் காற்றை விற்பது: பொருளிலிருந்து சேவைக்கு மாறும் உற்பத்தியாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

காற்றை அழுத்தி லைனில் அனுப்பும் 100 எச்.பி. ஸ்க்ரூ காம்ப்ரஸர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 15 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு மில்லில் அது வருடத்துக்கு 5,600 மணி நேரம் முழு லோடில் ஓடுகிறது. ஃபேனையும் சேர்த்து மணிக்கு 82 யூனிட் இழுத்தால் வருடத்துக்கு 4.59 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் கரண்ட் பில் மட்டும் ஏறத்தாழ 36.7 லட்சம். ஐந்தே மாதத்தில் மெஷின் விலைக்குச் சமமான தொகை மின்சாரத்துக்குப் போய்விடுகிறது.

ஆனால் பர்ச்சேஸ் ஆபீசில் பேரம் நடப்பதெல்லாம் 15 லட்சத்தை 14.25 ஆக்குவதற்குத்தான். விற்பவருக்கு அந்த முக்கால் லட்சம் லாபத்தில் பாதி. வாங்குபவருக்கோ ஒரு வாரக் கரண்ட் பில். இரண்டு பேரும் தப்பான எண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருளை விற்பதிலிருந்து சேவையை விற்பதற்கு மாறுவது என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். மெஷினின் விலையை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நடக்கும் நஷ்டங்களில் எதை நாம் சுமக்கிறோம், அதற்கு எவ்வளவு வாங்குகிறோம் என்று பேச ஆரம்பிப்பது.

இது புதிய யோசனையும் இல்லை. 1959-இல் ஜெராக்ஸ் 914 வந்தபோது, முன்னூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அந்த மெஷினை விலை கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால், மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். முதல் 2,000 பிரதிகள் வாடகையிலேயே அடக்கம், அதற்கு மேல் பிரதிக்கு இவ்வளவு. 1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் எச்.எஸ். 125 என்ற சிறிய ஜெட் விமானத்தின் வைப்பர் இன்ஜின்களைப் பராமரிக்க, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியது. பிறகு அந்த நிறுவனத்தை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியது, முறையும் கூடவே வந்தது. லீக்டன்ஸ்டைனின் ஷான் ஊரைத் தலைமையகமாகக் கொண்ட ஹில்டி, கட்டட கான்ட்ராக்டர்களுக்கு ட்ரில்லிங் மெஷின்களை விற்பதோடு, மாதக் கட்டணத்தில் கொடுத்து ரிப்பேரையும் தானே பார்த்துக்கொள்கிறது. காற்று விஷயத்தில் ஜெர்மனியின் கோபுர்க் நகரத்து கேசர் நிறுவனம், காம்ப்ரஸரைத் தன் சொத்தாகவே வைத்துக்கொண்டு காற்றுக்கு மட்டும் பில் போடும் திட்டத்தை நடத்துகிறது.

பம்ப், மோட்டார், காம்ப்ரஸர் என்று செய்து தள்ளும் கோயம்புத்தூரையும், காற்றைக் குடிக்கும் மில்களும், காற்றாலேயே நூலைத் தள்ளி நெய்யும் ஏர்ஜெட் தறிகளும் நிறைந்த அதன் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பம்ப் செய்பவர் ‘காற்று’ என்று வரும் இடத்தில் ‘தண்ணீர்’ என்று போட்டுப் படித்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: எந்த நஷ்டம் உங்களுடையது?

காம்ப்ரஸர் வாங்கிய மில்லுக்கு நான்கு விதமான நஷ்டம் வரலாம். மெஷின் பழுதாகும். பழுதான நேரத்தில் தறி நிற்கும். கரண்ட் அதிகம் இழுக்கும். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா கிடக்கும்.

ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் முதல் நஷ்டத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறீர்கள். வருடத்தில் 98 சதவீத நேரம் காற்று வரும், வராவிட்டால் அபராதம் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு கன மீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போகாது என்று உறுதி கொடுத்தால் மூன்றாவது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் காசு என்றால் நான்காவதும் உங்கள் தலையில்.

முதல் மூன்றும் தொழில்நுட்ப ரிஸ்க். உங்கள் மெஷினை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் அவற்றை நீங்கள் சுமப்பதில் நியாயம் இருக்கிறது. நான்காவது மார்க்கெட் ரிஸ்க். நூல் விலை ஏறி மில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினால் அதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் கதை இதற்கு நல்ல பாடம். 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றன. பறக்கும் மணிக்குத்தான் வருமானம் என்பதால் வருமானமும் கூடவே நின்றது. அந்த மே மாதமே 9,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே ட்ரென்ட் 1000 இன்ஜினில் பிளேடுகள் எதிர்பார்த்த காலத்துக்கு முன் தேய்ந்ததால் வந்த ரிப்பேர் செலவும், விமான நிறுவனங்களுக்கான இழப்பீடும் அவர்கள் கணக்கில்தான் ஏறின. இன்ஜின் பழுதால் வந்த இந்தச் செலவை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். செய்தவர் பொறுப்பேற்பதுதான் இந்த வியாபாரமே. விமானங்கள் நின்றதால் போன வருமானத்துக்குத்தான் தடுப்பு வேண்டும். அதைப் படி 4-இல் பார்ப்போம்.

படி 2: உங்கள் மெஷின்கள் எங்கே இருக்கின்றன?

சுலபமான கேள்வி மாதிரித் தெரியும். டீலர் வழியாக விற்கும் கம்பெனியில் இதற்குப் பதில் இருக்காது. இன்வாய்ஸில் டீலர் பெயர் இருக்கும், மெஷின் அவிநாசியில் இருக்கிறதா ஆம்பூருக்குப் போய்விட்டதா என்று தெரியாது. வாரன்டி கார்டு பாதி திரும்பி வந்திருக்காது. எஞ்சிய விவரம் சர்வீஸ் பையன்களின் டைரியிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும்.

சீரியல் நம்பர், இருக்கும் இடம், ஓடிய மணி, கடைசியாக மாற்றிய ஸ்பேர், போனை எடுக்கும் மெயின்டனன்ஸ் ஆள் ஆகிய ஐந்தையும் ஒரு எக்செல் ஷீட்டில் கொண்டுவாருங்கள். ஐந்து வருடத்துக்குள் விற்றதிலிருந்து தொடங்கினால் போதும். சாஃப்ட்வேர் வாங்குவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டை முதலில் வாங்கிவிட்டு அதில் காட்ட ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் நிறைய.

இந்த ஷீட் முடிந்ததும் ஒரு உண்மை தெரியவரும்: எந்த மாடல் எத்தனை மணி நேரத்தில் எங்கே பழுதாகிறது என்பது. அது தெரியாமல் போடும் விலை வெறும் குத்துமதிப்பு.

படி 3: கஸ்டமர் இடத்தில் ஒரு முழு வாரம் அளந்து பாருங்கள்

அவசரப்படக் கூடாத படி இதுதான். காம்ப்ரஸருக்கு ஒரு எனர்ஜி மீட்டர், மெயின் லைனில் ஒரு ஃப்ளோ மீட்டர், காற்றைத் தேக்கும் ரிசீவர் டேங்கிலும் லைனின் கடைசித் தறிக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு பிரஷர் சென்சார். ஏழு நாள் ஓடட்டும். அதில் ஒரு வார விடுமுறை கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுமுறை எதற்கு? மெஷின்கள் எல்லாம் நின்றிருக்கும்போது லைனில் எவ்வளவு காற்று போகிறதோ, அவ்வளவும் லீக். ஃப்ளோ மீட்டர் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். யாரும் காற்று எடுக்காத நேரத்தில் காம்ப்ரஸரை ஓடவிட்டு, எத்தனை நிமிடம் லோடில் இருக்கிறது, எத்தனை நிமிடம் அன்லோடில், அதாவது காற்று தராமல் சும்மா சுழன்றுகொண்டு, இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 3 நிமிடம் லோடு, 9 நிமிடம் அன்லோடு என்றால், 12-க்கு 3, அதாவது மெஷினின் திறனில் 25 சதவீதம் வெறுமனே போய்க்கொண்டிருக்கிறது. சரியாகப் பராமரிக்காத இடங்களில் 20, 30 சதவீதம் லீக் என்பது சாதாரணம். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று மட்டுமே மூன்று நான்கு கிலோவாட்டை விழுங்கும்.

அடுத்து பிரஷரைப் பாருங்கள். தறிக்கு 5.5 பார் போதும் என்று இருக்கும், காம்ப்ரஸர் 7.5-இல் செட் செய்திருப்பார்கள். கேட்டால், ‘குறைச்சா கடைசித் தறியில நின்னுபோகுதுங்க’ என்று பதில் வரும். அவர் சொல்வது உண்மை. காரணம் பெரும்பாலும் அடைத்த ஃபில்டர், சின்ன சைஸ் பைப், தேவையில்லாத வளைவுகள். ஒரு பார் குறைத்தால் கரண்ட் 6, 7 சதவீதம் குறையும். பைப்பை மாற்றிவிட்டு பிரஷரைக் குறைப்பது புது மெஷினைவிட மலிவாக முடியலாம். பொருள் விற்கும் கம்பெனி இதைக் கஸ்டமரிடம் சொன்னால் ஒரு ஆர்டர் போகும். காற்று விற்கும் கம்பெனி இதிலிருந்துதான் சம்பாதிக்கும்.

கடைசியாக, காம்ப்ரஸர் ரூமுக்குள் போய் நில்லுங்கள். மில் என்றால் கூலரின் இடுக்குகளில் பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்க, சூடான காற்று வெளியே போக டக்ட் இல்லாத ரூமில் மெஷின் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சும். வெளியே வரும் காற்றின் சூடு, அதாவது டிஸ்சார்ஜ் வெப்பநிலை, 110 டிகிரியை நெருங்கியதும் மெஷின் தானாக நின்றுவிடும், டிரிப். அதற்காக யாரோ முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்திருப்பார்கள். அந்த ஃபேனைப் பார்த்தீர்கள் என்றால், கூலர் சுத்தம் செய்ய மாதம் எத்தனை தடவை ஆள் அனுப்ப வேண்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எதற்குப் பில் போடுவது?

எதை அளந்து பில் போடுகிறோமோ அதைக் கூட்டத்தான் கம்பெனி நாளடைவில் வேலை செய்யும். நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் அப்படித்தான் ஆகும்.

ஓடும் மணிக்கு இவ்வளவு என்று வைத்தால், மெஷின் அன்லோடில் வெட்டியாக ஓடினாலும் உங்களுக்கு வருமானம். கன மீட்டருக்கு இவ்வளவு என்று வைத்தால், படி 3-இல் கண்டுபிடித்த லீக் எல்லாம் உங்கள் வருமானம். கஸ்டமரின் லைனில் ஒரு ஓட்டையை அடைக்க உங்கள் ஆள் ஏன் ஏணி ஏறுவார்? மாதம் ஒரே தொகை என்று வைத்தால் கஸ்டமருக்குச் சிக்கனமாக இருக்கக் காரணம் இல்லை, கூட நாலு தறி போட்டுவிட்டு அதே கட்டணம்தானே என்பார். நெய்த மீட்டருக்கு இவ்வளவு என்று சிலர் துணிச்சலாகப் பேசுவார்கள். தறி உங்கள் கையில் இல்லாதபோது அது வேண்டாத வீரம்.

நான் பரிந்துரைப்பது மூன்று விஷயங்கள் கலந்தது. ஒரு நிலையான மாதக் கட்டணம். அதற்கு மேல் கன மீட்டருக்குச் சிறிய தொகை. கூடவே, ஒரு கன மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற உறுதி, தாண்டினால் அந்தக் கரண்ட் செலவு உங்களுடையது. லீக்கைக் குறைத்ததால் மிச்சமாகும் கரண்டில் பாதி உங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று தனியாக ஒரு ஷரத்து. நிலையான கட்டணம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால், மில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினாலும் நீங்கள் கடன் தவணையைக் கட்ட முடியும். 2020-க்கான தடுப்பு அதுதான்.

படி 5: கணக்கு

முதலில் சொன்ன அதே மெஷின். அது 450 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 450 கன அடி), அதாவது நிமிடத்துக்கு 12.74 கன மீட்டர் தருகிறது என்று கொள்வோம். 5,600 மணிக்கு ஏறத்தாழ 42.8 லட்சம் கன மீட்டர்.

15 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 வருடத்தில் மீட்க வருடம் 3.2 லட்சம் வேண்டும். ஆயில், ஃபில்டர், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செப்பரேட்டர், சர்வீஸ் ஆள் எல்லாம் சேர்த்து 2 லட்சம். காற்றை அழுத்தும் ஸ்க்ரூக்கள் இருக்கும் ஏர்எண்ட் பகுதியின் ஓவர்ஹாலுக்கு வருடாவருடம் ஒதுக்கி வைக்க 1 லட்சம். நான்கைந்து கஸ்டமருக்குப் பொதுவாக ஒரு ஸ்டாண்ட்பை மெஷின், மீட்டர், சிம் கார்டு, இன்ஷூரன்ஸ் என்று இன்னொரு 1 லட்சம். ஆக 7.2 லட்சம். லாபத்தோடு 9 லட்சம் என்று வைத்தால் கன மீட்டருக்கு 21 பைசா. பில் இப்படி வரும்: மாதம் 50,000 ரூபாய் நிலையானது, அதோடு கன மீட்டருக்கு 7 பைசா.

கஸ்டமர் பக்கம் திரும்புங்கள். அவருடைய பழைய மெஷின் கன மீட்டருக்கு 0.13 யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது, உங்களுடையது 0.107 எடுக்கிறது என்றால், மிச்சம் 0.023. வருடத்துக்கு 98,000 யூனிட்டுக்கு மேல், 8 ரூபாய் வீதம் ஏறத்தாழ 7.9 லட்சம். அவர் உங்களுக்குக் கொடுக்கும் 9 லட்சத்தில் பெரும்பகுதி அவர் மின்வாரியத்துக்குக் கட்டிக்கொண்டிருந்த பணம். புதுமை, எதிர்காலம் என்றெல்லாம் பேசாமல் இந்த ஒரு பத்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி முதலாளி முன்னால் வையுங்கள். பேச்சு தானாக நடக்கும். இதிலுள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டு மறுபடி பாருங்கள். பழைய மெஷினே நல்ல நிலையில் இருந்து மிச்சம் 2 லட்சம்தான் வருகிறது என்றால், அந்தக் கஸ்டமருக்கு இது வேண்டாம். ஏ.எம்.சி. போதும்.

படி 6: ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை

மெஷின் உங்கள் சொத்து, ஆனால் இருப்பது அவர் ஷெட்டில். மில்லின் எந்திரங்கள் எல்லாவற்றின் மேலும் பேங்கில் கடன் இருக்கும். நாளைக்கு மில் தடுமாறினால் பேங்க் ஆட்கள் உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்துத்தான் பட்டியல் போடுவார்கள். அதனால் மெஷின் மேல் உங்கள் பெயர்ப் பலகை, ஒப்பந்தத்தில் சீரியல் நம்பர், முடிந்தால் மில்லின் பேங்குக்கு ஒரு கடிதமும் ஒப்புகையும்.

ரூம் வெப்பநிலை, வோல்டேஜ், கூலருக்கு வரும் காற்று ஆகியவை கஸ்டமர் பொறுப்பு என்று எண்ணோடு எழுதுங்கள். நடுவில் முடித்துக்கொண்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வருடவாரியாக ஒரு அட்டவணை வேண்டும். ஃப்ளோ மீட்டரை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேலிபரேட் செய்வது என்பதும் வேண்டும். சண்டை வந்தால் முதலில் வருவது அந்த மீட்டர் மேல்தான்.

பணம்: நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் வர வேண்டும். அந்தச் சட்டத்தை நம்பி உட்காராமல் இரண்டு மாத முன்பணம் வாங்குவது நல்லது. ஜி.எஸ்.டி.யில் ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுப்பது சேவையாகக் கருதப்படும். கணக்குப் பதிவில் இது குத்தகையா சேவையா என்ற கேள்வியும் வரும். கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

படி 7: நடுவில் வரும் பணப் பள்ளம்

இருபது மெஷினை விற்றால் அந்த வருடமே 3 கோடி விற்றுமுதல். அதே இருபதைச் சேவையாகக் கொடுத்தால், வருடம் முழுக்க ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டே போவதால், முதல் வருடம் சராசரியாக அரை வருடக் கட்டணம்தான் வரும். அதாவது 90 லட்சம். ஆனால் இருபது மெஷினையும் செய்யும் செலவு முழுசாகப் போயிருக்கும். லாபமுள்ள ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டு மூன்றாவது வருடம் சம்பளம் போடப் பணமில்லாமல் நிற்பது இப்படித்தான்.

ஆகவே பத்தில் ஒன்று, இரண்டை மட்டும் இந்த முறைக்குக் கொண்டுபோங்கள். மெஷினை ஒரு லீசிங் கம்பெனிக்கு விற்று, அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக் காற்றை விற்பதும் ஒரு வழி. பேங்க் மேனேஜரை முதலிலேயே உட்காரவைத்துப் பேசுங்கள். விற்றுமுதல் குறைந்த பேலன்ஸ் ஷீட்டை அவர் முன்னறிவிப்பில்லாமல் பார்த்தால் சி.சி. லிமிட்டைத்தான் (அன்றாடச் செலவுக்கான கடன் வரம்பை) முதலில் குறைப்பார்.

படி 8: உள்ளே இருக்கும் ஆட்கள்

மெஷின் விற்கும் கம்பெனியில் ஸ்பேர் பிரிவுதான் செல்லப்பிள்ளை. மெஷினில் விட்ட லாபத்தை ஃபில்டரிலும் ஆயிலிலும் எடுப்பது வழக்கம். காற்று விற்கும்போது ஒவ்வொரு ஸ்பேரும் செலவு. நேற்றுவரை பாராட்டிய எண்ணை இன்று குறைக்கச் சொல்கிறீர்கள். அந்தப் பிரிவுத் தலைவர் எதிர்ப்பார், எதிர்க்காவிட்டால்தான் ஆச்சரியம். அவருக்கு வேறு இலக்கு கொடுங்கள்: ஒரு கன மீட்டருக்கு ஸ்பேர் செலவு எவ்வளவு குறைந்தது என்று.

சேல்ஸ் ஆட்களுக்கு இன்சென்டிவ் விற்பனைத் தொகையில் என்றால், 15 லட்ச ஆர்டரை விட்டுவிட்டு மாதம் 50,000 ரூபாய் ஒப்பந்தம் யாரும் எடுத்துவர மாட்டார்கள். ஏழு வருட ஒப்பந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டு, பாதியைக் கையெழுத்திலும் மீதியை முதல் வருடம் பிரச்சினையில்லாமல் ஓடியபிறகும் கொடுக்கலாம். டீலரை ஓரங்கட்டிவிடாதீர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பல்லடத்தில் மெஷின் நின்றால் அரை மணியில் போய்ச் சேர்வது அவருடைய ஆள்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் மாதப் பங்கு அவருக்கு வரட்டும்.

டிசைன் ஆபீசுக்கும் வேலை மாறுகிறது. செப்பரேட்டரைக் கழற்ற மூன்று பைப்பை அவிழ்க்க வேண்டும் என்றால், அந்த ஒன்றரை மணி நேரக் கூலி இனி உங்கள் பில்லில். டிசைனரை மாதம் ஒருமுறை சர்வீஸ் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அடுத்த மாடலில் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவரே சொல்வார்.

ரிமோட் கண்காணிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் வெப்பநிலை, செப்பரேட்டரின் இரு பக்க பிரஷர் வித்தியாசம், லோடு மணி, யூனிட், ஃப்ளோ ஆகியவை போதும். அலாரம் யார் போனில் அடிக்கிறது என்பதை மட்டும் முடிவு செய்துவிடுங்கள்.

படி 9: முதல் மூன்று ஒப்பந்தங்கள்

உங்களிடம் ஏற்கெனவே ஏ.எம்.சி. வைத்திருப்பவர், மூன்று ஷிஃப்ட் ஓட்டுபவர், வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் இருப்பவர் ஆகிய மூன்றும் பொருந்தும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் வொர்க்ஷாப்புக்கு இது கட்டுப்படியாகாது. நிலையான கட்டணம் குறைந்த மணிகளில் பிரிந்து கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 பைசா வந்துவிடும்.

முதல் வருடம் மாதாமாதம் ஒரே பக்க அறிக்கை கொடுங்கள்: எவ்வளவு காற்று, எத்தனை யூனிட், எத்தனை நிமிடம் நின்றது, ஏன். கெட்ட மாதத்தையும் அப்படியே எழுதுங்கள். காற்று ஒழுங்காக வரும்போது உங்களை யாரும் நினைக்க மாட்டார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ‘இதுக்கா இவ்வளவு கொடுக்கிறோம்’ என்ற கேள்விதான் வரும். அன்றைக்கு இந்தப் பன்னிரண்டு தாள்களும் கையில் இருக்க வேண்டும்.

ஏழு வருடம் முடிந்து மெஷின் திரும்பி வரும்போது அதன் கடன் தீர்ந்திருக்கும். ஏர்எண்டை ஓவர்ஹால் செய்து, பேரிங், சீல், ஹோஸ் எல்லாம் மாற்றி மறுபடி ஓடவிடலாம். இப்போது மீட்க வேண்டிய முதலீடு 15 லட்சம் இல்லை, ஓவர்ஹால் செலவு மட்டும்தான். கட்டுப்படியாகாது என்று விட்டுவந்த அந்த ஒரு ஷிஃப்ட் வொர்க்ஷாப்புகளுக்கு இந்த மெஷினைக் கொண்டுபோகலாம், வேறு விலையில்.